காதுக்கு நான்கு டிரைவர் வைத்த 5.1 ஹெட்போன்: பாஸ் கரைகிறது, முன்னும் பின்னும் பிரியவில்லை

எட்டு_டிரைவர்:

ஐந்து சேனலும் ஒரு சப்பும் கொண்ட 5.1 ஒலிக்கு நானே செய்த ஹெட்போன். முதலில் அமைப்பு, பிறகு கேள்வி.

கூடு, ஆலைகளில் இரைச்சலுக்கு மாட்டும் காதுக்கவசம். பெரிய கப்பாகப் பார்த்து எடுத்தது. உள்ளே 3 மி.மீ. ஃபோம் போர்டில் வெட்டிய முட்டை வடிவத் தட்டு, 72 x 88 மி.மீ. அதில் நான்கு டிரைவர் (ஒலியெழுப்பும் சிறு ஸ்பீக்கர்) சாய்சதுரமாக உட்கார்ந்திருக்கின்றன. முன்பக்கம் ஃப்ரன்ட், பின்பக்கம் ரியர், உச்சியில் சென்டர், இந்த மூன்றும் 30 மி.மீ. அடியில் பாஸுக்கான சப், 40 மி.மீ. எல்லாமே 32 ஓம். நான்கின் முதுகும் கப்புக்குள் ஒரே பொது அறையைப் பார்க்கின்றன. காற்றுப் போக கப்பில் 4 மி.மீ. துளை இரண்டு. காதுப்பக்கம் வழக்கமான முட்டை வடிவ பேட், உள்வாய் 45 x 65 மி.மீ.

சி.எம்.6206 சிப் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு. பச்சை, கறுப்பு, ஆரஞ்சு ஜாக்குகளிலிருந்து மூன்று பி.ஏ.எம்.8403 ஆம்ப் போர்டுகளுக்குப் போகிறது. அந்த போர்டின் அவுட்புட் பிரிட்ஜ் (இரண்டு வயரிலும் சிக்னல், எதுவும் கிரவுண்டு இல்லை) என்பதால் மைனஸ் வயர்களை ஒன்றாகக் கட்டவில்லை. சென்டரும் சப்பும் இரண்டு கப்பிலும் பேரலலாக, அதாவது 16 ஓம் லோடு.

தொல்லைகள்:

பாஸ் மெலிந்து கிடக்கிறது. மூன்று சின்ன டிரைவர்களின் பின்துளைகளை டேப் போட்டு ஒட்டினால் பாஸ் கூடுகிறது, ஆனால் குரல் அடைத்த மாதிரி ஆகிறது.

ஸ்டீரியோ பாட்டை 'ஸ்பீக்கர் ஃபில்' போட்டு எல்லா டிரைவருக்கும் பரப்பினால் குரல் வாளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது.

ரியர் சேனலில் மட்டும் நாய்ஸ் ஓட்டினாலும் பின்னாலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. ஃப்ரன்ட்டைவிடச் சற்று மந்தமாக, அதே காதோரத்தில். சென்டர் நெற்றிக்கு நடுவில் தலைக்குள்ளேயே நிற்கிறது.

எதுவும் ஓடாதபோதும் 'ஸ்ஸ்' என்று ஹிஸ்.

ஹார்ட்வேரில் எதை மாற்றினால் எது சரியாகும்?


கப்புக்குள்_காற்று:

பாஸ் போவதற்குக் காரணம் அந்தப் பொது அறைதான். சப் டிரைவரின் டயாஃப்ரம் காதை நோக்கி நகரும்போது பின்னறையில் காற்று விரிகிறது. அந்த விரிவு மற்ற மூன்று டயாஃப்ரம்களையும் உள்ளே இழுக்கிறது. அதாவது சப் காதுக்குத் தள்ளும் காற்றை அந்த மூன்றும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. டேப் ஒட்டியதும் பாஸ் கூடியது இதற்கு நேரடிச் சான்று.

ஒவ்வொரு டிரைவருக்கும் தனிப் பின்னறை கொடுங்கள். 30 மி.மீ. டிரைவரின் முதுகில் தண்ணீர் பாட்டில் மூடி நெருக்கமாக உட்காரும். மேக்னட் அடைக்கும் இடம் போக உள்ளே ஏறத்தாழ 5 சி.சி. மிஞ்சும், சின்ன டிரைவருக்கு அது போதும். மூடிக்குள் சிட்டிகைப் பஞ்சு வையுங்கள். டிரைவரின் பின்துளைகள்மேல் தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய காகிதத்தை உரிக்காதீர்கள். டயாஃப்ரம் அடங்கி ஆடுவதே அதனால்தான். அதன்மேல் நீங்கள் டேப் போட்டதால்தான் குரல் அடைத்தது. மூடி வைத்த பின் அந்த டிரைவரின் ஒலியளவு ஒட்டுமொத்தமாகச் சற்றுக் குறையும். லெவலில் ஏற்றிக்கொள்ளலாம். கப்பின் மீதி இடம் முழுதும் 40 மி.மீ. டிரைவருக்கே.

ஒட்டுவதற்கு சிலிக்கான் வாங்கும்போது வினிகர் நெடி அடிக்கிற வகையைத் தவிருங்கள். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும், தலைமுடி கனமுள்ள காயில் நுனிகள் முதலில் போகும். 'நியூட்ரல் கியூர்' என்று டியூபில் போட்டிருப்பதை எடுங்கள். ஹாட் குளூவும் சரிதான், ஆனால் விளிம்பில் மட்டும், சொட்டுச் சொட்டாக. டயாஃப்ரம் மெல்லிய பிளாஸ்டிக் தாள். சூடு பட்டுச் சுருங்கினால் கரகரப்பு வரும், அதைத் திருத்த முடியாது.

பிரித்த கையோடு போலாரிட்டியைப் பாருங்கள். 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தால் டயாஃப்ரம் ஒரு பக்கம் துள்ளும். சாய்வாக வெளிச்சம் விழவைத்துப் பார்த்தால் தெரியும். எட்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். பாயிண்டில் இருக்கும் சிவப்புப் புள்ளியை நம்ப வேண்டாம். கூட்டை மூடிய பிறகும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: 60 ஹெர்ட்ஸ் டோனை ஒரே கப்பில் இரண்டு டிரைவருக்குச் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றைவிட இரண்டு சேர்ந்தால் ஒலி குறைகிறது என்றால் ஒன்று தலைகீழ்.

அடுத்தது பேட். உங்கள் கணக்குப்படி ஃப்ரன்ட், ரியர் டிரைவர்களின் மையம் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 20 மி.மீ. தள்ளி இருக்கும். பேடின் உள்வாய் அகலம் 45, அதாவது நடுவிலிருந்து 22.5. ஆக, இரண்டு டிரைவர்களும் பாதி முகத்தை நுரைக்குள் புதைத்துக்கொண்டிருக்கின்றன. ரியர் 'மந்தமாக' இருப்பதில் ஒரு பங்கு இதுவே. உள்வாய் அகலமான பேட் தேடுங்கள், அல்லது அந்த இரண்டு டிரைவரையும் 30 முதல் 40 டிகிரி உள்நோக்கிச் சாய்த்து வையுங்கள். காதுமடல் எதன்மேலும் படக்கூடாது. தட்டிலிருந்து தோல்வரை 25 மி.மீ. ஆழமாவது வேண்டும்.

வாளிக் குரல்: ஒரே சிக்னல் ஒரே கப்பில் இரண்டு டிரைவர் வழியாக வருகிறது, காதுத்துளைக்கு உள்ள தூரத்தில் 2 செ.மீ. வித்தியாசம் என்றால் 8.6 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று அழிக்கும். இது கூட்டின் குறை இல்லை. ஸ்பீக்கர் ஃபில்லை நிறுத்துங்கள். ஸ்டீரியோவுக்கு ஃப்ரன்ட்டும் சப்பும் போதும்.


சாலிடர்புகை:

ஹிஸ் பற்றி மட்டும்.

8403 போர்டு 4 ஓம் ஸ்பீக்கரை அலறவைக்கச் செய்தது. அதன் கெயின் ஏறத்தாழ 24 டெசிபல். ஹெட்போன் டிரைவர் ஒரு மில்லிவாட்டுக்கே 100 டெசிபல் போல எழுப்பும். 32 ஓமில் ஒரு மில்லிவாட் என்பது வெறும் 0.18 வோல்ட். கார்டின் லைன் அவுட் தருவது ஒரு வோல்ட் அளவில். அதாவது வோல்டேஜை ஏற்றவே தேவையில்லை, கரண்ட் கொடுக்க மட்டும் ஒரு பஃபர் வேண்டும்.

என்.ஜே.எம்.4556ஏ போடுங்கள். 8 பின், உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப், ஒவ்வொன்றும் 70 மில்லிஆம்பியர் தரும். 5532 என்ற ஆப்-ஆம்ப்புக்கும் இதற்கும் பின் அமைப்பு ஒன்றுதான், ஆனால் 5532 இந்த லோடுக்கு ஏற்றதல்ல, 600 ஓமுக்குச் செய்தது. நான்கு ஐ.சி. என்றால் எட்டு பஃபர், உங்கள் எட்டு டிரைவருக்கும் ஆளுக்கொன்று. சென்டரையும் சப்பையும் பேரலல் போடும் வேலை அத்தோடு போயிற்று. ஒரு வோல்டில் 32 ஓம் இழுப்பது உச்சத்தில் 44 மில்லிஆம்பியர், தாராளமாகத் தாங்கும்.

ஒரு சேனலுக்கு: இன்புட்டில் 2.2 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கபாசிட்டர், பிறகு கிரவுண்டுக்கு 10 கிலோஓம், அங்கிருந்து நேராக பிளஸ் இன்புட். மைனஸ் இன்புட்டை அவுட்புட்டோடு சேர்த்துவிடுங்கள். அவுட்புட்டில் தொடராக 10 ஓம், பிறகு டிரைவர். கட்-ஆஃப் 7 ஹெர்ட்ஸில் விழும். 10 கிலோவுக்குப் பதில் 100 கிலோ போட்டால் இன்புட் பயாஸ் கரண்டால் அவுட்புட்டில் டி.சி. ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு ஐ.சி.யின் 8, 4 பின்களுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபாரட் செராமிக். தூரத்தில் வைத்தால் சுயமாக அலைவடித்துச் சூடாகும்.

சப்ளைக்கு மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரைத் தொடவே வேண்டாம். தலையில் மாட்டும் பொருள் இது. இரண்டு தனித்தனி 12 வோல்ட் அடாப்டர், இரண்டு முள் பிளக் உள்ளவை. ஒன்றின் பிளஸை இன்னொன்றின் மைனஸோடு சேர்த்தால் அதுவே கிரவுண்டு. அதற்குப் பின் 7809 (பிளஸுக்கு), 7909 (மைனஸுக்கு) ரெகுலேட்டர்கள் போட்டால் அடாப்டரின் இரைச்சல் குறையும். இங்கே கையைச் சுடும் இடம் ஒன்று: 7809-இல் முதல் கால் இன்புட், நடுக்கால் கிரவுண்டு. 7909-இல் முதல் கால் கிரவுண்டு, நடுக்கால் இன்புட், முதுகுத் தகடும் இன்புட்டே. இரண்டையும் மைக்கா இல்லாமல் ஒரே ஹீட் சிங்கில் திருகினால் மைனஸ் சப்ளை நேராக கிரவுண்டில் ஷார்ட்.

டிரைவரை இணைக்கும் முன் எட்டு அவுட்புட்டிலும் மல்டிமீட்டர் வைத்து டி.சி. பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

வயர்: ஒரு கப்புக்கு ஒரு லேன் பேட்ச் கார்டு. நான்கு ஜோடி, நான்கு டிரைவர். மைனஸ்களை ஆம்ப் பக்கம் மட்டும் சேருங்கள், கப்புக்குள் சேர்க்காதீர்கள். பொது கிரவுண்டு வயரில் அரை ஓம் இருந்தாலே ஒரு சேனல் மற்றதில் 36 டெசிபல் கீழே தலைகீழாகக் கசியும். கெட்டிக் கம்பி வேண்டாம், வளைந்து வளைந்து ஒடியும். பல இழை வயர் எடுங்கள். அதே லேன் பிளக்கையே கனெக்டராகவும் வைக்கலாம், ஆனால் மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சில வைஃபை கருவிகளின் அடாப்டர்கள் லேன் வயரில் கேட்காமலே 24 வோல்ட் ஏற்றுகின்றன. அதில் செருகினால் காயில் அந்த நொடியே கருகும்.


இருசெவி:

மேலே சொன்னதெல்லாம் செய்தால் நல்ல ஒலி வரும், திசை வராது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அறையில் இடது முன் ஸ்பீக்கர் 30 டிகிரியில் இருக்கிறது. அது இடது காதுக்கு மட்டும் பாடுவதில்லை. வலது காதும் அதைக் கேட்கிறது, ஏறத்தாழ 0.26 மில்லிசெகண்டு தாமதமாக, தலையின் நிழலால் உச்சஸ்வரம் மழுங்கி. 110 டிகிரியில் உள்ள சரவுண்டு ஸ்பீக்கருக்கு அந்தத் தாமதம் 0.55. மூளை திசையைப் படிப்பது முதலில் இந்த வித்தியாசத்தில்தான். உங்கள் ஹெட்போனில் இடது சேனல் வலது காதுக்குப் போகவே வழியில்லை. கப்புக்குள் எத்தனை டிரைவர் நட்டாலும் இந்தக் குறை தீராது. கடைகளில் வந்த ரேசர் டியாமட் 7.1, ஏசஸ் சென்சூரியன் இரண்டிலும் காதுக்கு ஐந்தாகப் பத்து டிரைவர். அங்கேயும் இதே பௌதிகம்தான்.

இன்னொன்று, 3 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 11 செ.மீ.க்கு மேல். உங்கள் கப்பின் அகலம் 7. அதற்குக் கீழே உள்ள ஒலிக்கு கப் என்பது ஒரே அழுத்த அறை. டிரைவர் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் காதுக்கு ஒன்றுதான். டிரைவரின் இடம் பயன்படுவது 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல், காதுமடலின் மடிப்புகள் வேலை செய்யும் இடத்தில் மட்டும்.

எனவே விட்டுப்போன பாதையை சாஃப்ட்வேரில் கட்டுங்கள். விண்டோஸில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ., லினக்ஸில் பைப்வயரின் ஃபில்டர் செயின்.

ஃப்ரன்ட் லெஃப்ட்டைப் பிரதி எடுங்கள். 0.26 மில்லிசெகண்டு தாமதம், 48 கிலோஹெர்ட்ஸில் 12 அல்லது 13 சாம்பிள். 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் ஹை ஷெல்ஃபில் (அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒரே அளவு ஏற்றி இறக்கும் ஃபில்டர்) 8 டெசிபல் குறைப்பு, மொத்தத்தில் 2 டெசிபல் குறைப்பு. இதை ஃப்ரன்ட் ரைட் சேனலோடு கூட்டுங்கள். அந்தப் பக்கத்துக்கும் இதேபோல். ரியருக்குத் தாமதம் 26 சாம்பிள், ஷெல்ஃப் குறைப்பு 12 டெசிபல். சென்டருக்கு எதுவும் வேண்டாம். இவை தொடக்க எண்கள், உங்கள் தலையின் அகலத்துக்கு ஏற்ப இரண்டொரு சாம்பிள் முன்பின் ஆகும். கூட்டும்போது கீழ்ஸ்வரம் 6 டெசிபல்வரை ஏறும், முன்கூட்டியே பிரீஆம்ப்பை அந்த அளவு இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் கிளிப் ஆகும்.

ஒரு நல்ல செய்தி. ஸ்டீரியோவில் இந்தக் குறுக்குப் பாதையைப் போட்டால் நடுவில் நிற்கும் குரலில் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும், ஏனென்றால் குரல் இரண்டு சேனலிலும் இருக்கிறது. 5.1-இல் வசனம் பெரும்பாலும் சென்டரில் தனியாக இருப்பதால் அது தப்பிக்கிறது. தனி சென்டர் டிரைவர் வைத்ததற்கு உண்மையான பலன் இதுவே.

முன்-பின்னுக்கு: ஒலியியல் ஆய்வாளர் யென்ஸ் பிளாவர்ட் காட்டிய திசைப்பட்டைகளைப் பயன்படுத்துங்கள். 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் பகுதி தூக்கலாக இருந்தால் ஒலி முன்னால் இருப்பதாகத் தோன்றும், 1 கிலோஹெர்ட்ஸ் தூக்கினால் பின்னால். ஃப்ரன்ட்டில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு 3 டெசிபல் ஏற்றம், ரியரில் அதே இடத்தில் 3 இறக்கம், 1 கிலோஹெர்ட்ஸில் 2 ஏற்றம். இதற்குமேல் போனால் குரலின் நிறமே மாறிவிடும்.

அப்படியும் முன்-பின் குழப்பம் முழுக்கத் தீராது. தலையைத் திருப்பும்போது ஒலி எந்தக் காதுப்பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே மூளை முன்னா பின்னா என்று முடிவு செய்கிறது என்பதை உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1940-இலேயே காட்டிவிட்டார். ஹெட்போன் தலையோடு சேர்ந்தே திரும்புகிறது. ஆகவே தலை அசைவைப் படிக்கும் சென்சார் இல்லாத வரை எட்டு டிரைவருக்கும் இரண்டு டிரைவருக்கும் எல்லை ஒன்றுதான்.


எட்டு_டிரைவர்:

மிக்க நன்றி. மூடிகளை ஒட்டி, குறுக்குப் பாதையும் போட்டாயிற்று. பாஸ் வந்துவிட்டது, முன்மேடையும் தலைக்கு வெளியே கொஞ்சம் நகர்ந்தது. இரண்டு சந்தேகம் மிச்சம். படங்களில் சப் சரியாக இருக்கிறது, பாட்டில் அந்த 40 மி.மீ. டிரைவர் ஊமை. இன்னொன்று, எட்டு டிரைவரின் லெவலை எதை வைத்துச் சமன் செய்வது?


கப்புக்குள்_காற்று:

சப்புக்குப் போவது எல்.எஃப்.ஈ. என்ற சேனல், அதில் படத்தின் அதிர்வு ஒலிகள் மட்டுமே இருக்கும். ஸ்டீரியோ பாட்டில் அந்தச் சேனலே கிடையாது, சப் ஊமையாக இருப்பது இயல்பு. மற்ற ஐந்து சேனல்களின் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதியைக் கூட்டி எல்.எஃப்.ஈ.க்கு அனுப்புங்கள், அந்த ஐந்திலும் 150-க்குக் கீழே வெட்டுங்கள். இரண்டு கப்பிலும் ஒரே மோனோ பாஸ்தான் போகும், அந்த ஆழத்தில் அது உறுத்தாது. டிரைவரோடு தொடராக கபாசிட்டர் வைத்து வெட்டலாமே என்று தோன்றும், 32 ஓமுக்கு 22 மைக்ரோஃபாரட் என்றால் கணக்கில் 226 ஹெர்ட்ஸ். ஆனால் டிரைவரின் ஓம் அதிர்வெண்ணோடு மாறுவதால் வெட்டு நினைத்த இடத்தில் விழாது. சாஃப்ட்வேரிலேயே செய்யுங்கள்.

படத்தின் எல்.எஃப்.ஈ. மற்றவற்றைவிட 10 டெசிபல் தூக்கி ஒலிக்க வேண்டும் என்ற கணக்கில்தான் மிக்ஸ் செய்யப்படுகிறது. கார்டு அதைத் தானாகச் செய்யாது. பாஸைக் கூட்டும் முன், எல்.எஃப்.ஈ.யை மட்டும் ஏற்றாமல் மற்ற ஐந்தையும் 10 இறக்குங்கள், கிளிப் ஆகும் வாய்ப்பு குறையும். ஆரஞ்சு ஜாக்கில் நுனி சென்டர், வளையம் சப் என்பது வழக்கம். சில கார்டுகளில் மாறியிருக்கும், டெஸ்ட் டோன் போட்டு உறுதி செய்யுங்கள்.

சமன் செய்ய: 500 முதல் 2000 ஹெர்ட்ஸ்வரை வடிகட்டிய பிங்க் நாய்ஸ் (மேலே போகப் போக மெலியும் சோதனை இரைச்சல்). ஒரு கப்பில் ஃப்ரன்ட்டை ஆதாரமாக வைத்து, சென்டரையும் ரியரையும் மாற்றி மாற்றிக் கேட்டு அரை டெசிபல் படிகளில் சேருங்கள். இந்தப் பட்டையில் கப் ஏறக்குறைய ஒரே அழுத்த அறை என்று இருசெவி சொன்னாரே, அதனால் இடம் குறுக்கே வராது, காதால் செய்யும் ஒப்பீடே நன்றாக வரும். துல்லியம் வேண்டுமானால் 6 மி.மீ. எலெக்ட்ரெட் மைக்கை நுரைக் காதடைப்பானில் பொதிந்து காதுவாயில் வைத்து, ஆர்.இ.டபிள்யூ. என்ற ஒலி அளக்கும் சாஃப்ட்வேரில் டிரைவருக்கொரு ஸ்வீப் (கீழிருந்து மேலேறும் டோன்) எடுங்கள். ஒரே இடத்தில் மாட்டி ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். ஹெட்போனை ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கோடு மாறிக்கொண்டே இருக்கும், அந்த மேடு பள்ளத்தையெல்லாம் ஈக்வலைசரில் துரத்தாதீர்கள்.


திறந்த_ஒலி:

இருசெவி சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். எல்லை ஒன்றுதான் என்பது மூடிய கப்புக்குப் பொருந்தும். கணினியில் ஹெச்.ஆர்.டி.எஃப். (தலையும் காதுமடலும் ஒலியை மாற்றும் விதத்தின் அளவுகள்) போட்டால் அது யாரோ ஒருவருடைய காதுமடல். எம்.ஐ.டி.யில் 1994-இல் கீமார் பொம்மைத் தலையில் எடுத்த அளவுகளை இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். டிரைவரைக் காதிலிருந்து தள்ளி வைத்தால் கேட்பவரின் சொந்தக் காதுமடலே அந்த வேலையைச் செய்யும். ஏ.கே.ஜி. கே1000 அப்படித்தான், பேட் இல்லாமல், கோணம் மாற்றக்கூடிய தட்டுகள் காதோரம் தொங்கும்.

அடுத்த சோதனைக்கு இதைச் செய்து பாருங்கள். கப்பை எடுத்துவிடுங்கள். தலைப்பட்டையிலிருந்து 2 மி.மீ. அலுமினியக் கம்பியில் ஃப்ரன்ட் டிரைவரைக் கன்னத்தெலும்புக்கு நேராக, காதுத்துளையிலிருந்து 6 செ.மீ. முன்னால் நிறுத்துங்கள். ரியரைக் காதுக்குப் பின்னால் அதே தூரத்தில். முதுகுப்புற மூடிகள் அப்படியே இருக்கட்டும், திறந்துவிட்டால் முன்னலையும் பின்னலையும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உச்சஸ்வரத்தில் முன்னும் பின்னும் பிரிவது இதில் தெளிவாகத் தெரியும். இடது டிரைவரின் ஒலி கொஞ்சம் வலது காதுக்கும் கசியும், ஆனால் மிகக் குறைவாக, ஆகவே குறுக்குப் பாதையை எடுக்க வேண்டாம், 2 டெசிபல் மட்டும் இறக்குங்கள்.

விலை பாஸ். அழுத்த அறை போய்விட்டதால் 30 மி.மீ. டிரைவரிடம் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதிர்பார்க்க ஒன்றுமில்லை. கீழ்ப்பகுதியை மேஜை மேல் ஒரு சாதாரண சப்வூஃபருக்கு விட்டால் இடையில் 100 முதல் 400 வரை ஓட்டை விழும். அந்த இடத்தை நிரப்ப 40 மி.மீ. டிரைவரைக் காதுத்துளைக்கு 1 செ.மீ. பக்கத்தில், காதுமடலைத் தொடாமல் கீழிருந்து மேல்நோக்கி நிறுத்துங்கள். கிட்டத்தில் இருப்பதால் மட்டுமே அதன் கீழ்ஸ்வரம் காதில் விழும். 1 செ.மீ. 2 ஆனாலே சட்டென்று மெலியும், ஆகவே அந்த ஒரு கம்பியை மட்டும் 3 மி.மீ. கனத்தில் போட்டு, தலைப்பட்டையில் இரண்டு திருகு வைத்து இறுக்குங்கள்.